சைலிங்க்ஸ் பவர் எஸ்டிமேட்டர்: வாட்டை நம்பலாம், டிகிரியை நாம்தான் நிரப்ப வேண்டும்

எஃப்பிஜிஏ (உள்ளே இருக்கும் தர்க்கச் சுற்றை நாமே நிரல் எழுதி அமைத்துக்கொள்ளும் சில்லு) ஒன்றை மையமாக வைத்துப் பலகை வடிவமைப்பவர்கள், முதல் மின்சுற்று வரைபடத்தைத் தொடங்கும் முன்பே இரண்டு கேள்விகளுக்கு விடை தேட வேண்டியிருக்கிறது. சில்லு எத்தனை வாட் எடுக்கும், அதன் சந்தி வெப்பநிலை எவ்வளவு ஏறும் என்பவையே அவை. சந்தி வெப்பநிலை என்பது உறையின் மேற்பரப்பில் விரல் வைத்துப் பார்க்கும் சூடு அன்று. உறைக்குள்ளே சிலிக்கான் துண்டின் மேல் டிரான்சிஸ்டர்கள் இருக்கும் இடத்தின் வெப்பநிலை. இவ்விரு கேள்விகளுக்கும் விடை தருவதாகச் சொல்லும் கருவிகளில் நான் நெடுநாளாகப் பயன்படுத்தி வருவது, 2022 பிப்ரவரியில் ஏஎம்டியின் கைக்கு வந்த சைலிங்க்ஸ் நிறுவனத்தின் பவர் எஸ்டிமேட்டர் என்ற எக்செல் கோப்பும், அதே நிறுவனத்தின் வடிவமைப்பு மென்பொருளான விவாடோவுக்குள் அமைந்துள்ள மின்திறன் அறிக்கையும் ஆகும். இரண்டும் ஒரே வகைக் கணக்கை வடிவமைப்பின் வெவ்வேறு கட்டங்களில் செய்வதால் இங்கே சேர்த்தே மதிப்பிடுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உள்ளீட்டை ஒழுங்காகக் கொடுத்தால் வாட் கணக்கில் இக்கருவி நல்ல துணை; ஆனால் அது அச்சிடும் டிகிரி, சூழல் விவரங்களை நாம் நிரப்பும் வரை நம்முடைய பலகையைப் பற்றியதே அன்று.

எக்செல் கோப்பைத் திறந்தால் ஒரு சுருக்கப் பக்கமும், அதன் பின்னே கடிகாரம், தர்க்கம், உள்ளீடு-வெளியீடு, பிளாக் ரேம் (உள் நினைவகம்), டிஎஸ்பி (பெருக்கித் தொகுதிகள்) என்று தனித்தனிப் பக்கங்களும் வருகின்றன. மேக்ரோக்களை அனுமதித்தாக வேண்டும். பாதுகாப்புக் கட்டுப்பாடு மிகுந்த அலுவலகக் கணினிகளில் இதற்கே ஒரு கோரிக்கை எழுத வேண்டியிருக்கும். வடிவமைப்பின் நிரலை இன்னும் எழுதாத நிலையில், எத்தனை ஃபிளிப்ஃபிளாப் (ஒரு பிட்டைத் தேக்கும் உறுப்பு), எத்தனை பெருக்கி, எந்த அதிர்வெண் என்று தோராயமாக நிரப்பினாலே ஒரு விடை கிடைத்துவிடுகிறது. நிரல் எழுதி முடித்த பிறகு விவாடோவின் அறிக்கை அதே வேலையை உண்மையான இணைப்புகளை வைத்துச் செய்கிறது.

இயங்கு திறனின், அதாவது சுற்று நிலை மாறும்போது செலவாகும் திறனின், அடிப்படை எல்லாரும் அறிந்ததுதான்: மின்தேக்கம், மின்னழுத்தத்தின் வர்க்கம், அதிர்வெண், இவற்றோடு நிலைமாற்ற வீதம் ஆகியவற்றின் பெருக்கல். மின்தேக்கத்தைக் கருவி அறியும். அது அந்நிறுவனத்தின் சொந்தச் சிலிக்கான். அதிர்வெண்ணை நாம் அறிவோம். மின்னழுத்தத்தில் பலர் கவனக்குறைவாக இருக்கிறார்கள். சைலிங்க்ஸின் ஆர்டிக்ஸ்-7 சில்லுக் குடும்பத்தின் உள்மைய மின்னழுத்தம் பொதுவாக 1.0 வோல்ட், அனுமதிக்கப்பட்ட வரம்பு 0.95 முதல் 1.05 வரை. மேல் விளிம்பில் இயங்கும் பலகையில் இயங்கு திறன் 5 விழுக்காடு அன்று, வர்க்கத்தின் காரணமாக 10.25 விழுக்காடு கூடும். சுருக்கப் பக்கத்தில் மின்னழுத்தத்தை மாற்றிக்கொள்ளும் கட்டம் இருக்கிறது; மின்னழுத்தச் சீரமைப்பியின் பிழை வரம்பைப் பார்த்து அதை நிரப்புவது ஒரு நிமிட வேலை.

ஊகம் நுழையும் இடம் நிலைமாற்ற வீதம். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் கருவி 12.5 விழுக்காடு என்று எடுத்துக்கொள்கிறது. அதாவது ஒரு கம்பி சராசரியாக எட்டுக் கடிகாரச் சுழற்சிக்கு ஒரு முறை நிலை மாறுகிறது என்று பொருள். கட்டுப்பாட்டுத் தர்க்கம், பதிவேடுகள், எப்போதாவது பேசும் தரவுப் பாதைகள் (பஸ்) போன்றவற்றுக்கு இந்த எண் பொருத்தமானதே. ஆனால் சமிக்ஞைச் செயலாக்கத்தில் தரவின் கீழ்ப் பிட்டுகள் ஏறத்தாழ ஒழுங்கற்ற தரவாகவே நடந்துகொள்கின்றன. ஒழுங்கற்ற பிட் ஒன்று ஒவ்வொரு சுழற்சியிலும் மாறுவதற்குப் பாதி வாய்ப்பு உண்டு; எனவே அங்கே வீதம் 50 விழுக்காடு. நூறு பெருக்கிகளை வரிசையாக அடுக்கிய வடிகட்டி ஒன்றை 12.5 விழுக்காட்டில் மதிப்பிட்டால், அந்தப் பகுதியின் இயங்கு திறனில் நான்கில் ஒரு பங்கைத்தான் நாம் பார்த்திருப்போம்.

இதற்கு மருந்தும் கருவியிலேயே இருக்கிறது. சிமுலேஷனை ஓட்டி, ஒவ்வொரு கம்பியும் எத்தனை முறை மாறியது என்று பதிவு செய்யும் சைஃப் கோப்பை விவாடோவுக்குக் கொடுத்தால், ஊகம் போய் எண்ணிக்கை வந்துவிடுகிறது. இதில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். நேரத் தாமதங்கள் இல்லாத செயல்பாட்டுச் சிமுலேஷன், ஒரு சுழற்சிக்குள்ளே நிகழும் பொய்த் துடிப்புகளைக் காட்டாது. பெருக்கிகளையும் நீண்ட கூட்டிகளையும் தர்க்கத் தொகுதிகளில் கட்டியிருந்தால், இறுதி விடையில் நிலைபெறுமுன் அவற்றின் வெளியீடுகள் பலமுறை துள்ளும். ஒவ்வொரு துள்ளலுக்கும் ஆற்றல் செலவாகும். தாமதங்களோடு கூடிய சிமுலேஷன் மிக மெதுவாக ஓடும் என்பதால் முழு வடிவமைப்புக்கும் அதைச் செய்ய எனக்குப் பொறுமை வாய்ப்பதில்லை. சுமை மிகுந்த தொகுதிக்கு மட்டும் செய்துவிட்டு மற்றவற்றை விட்டுவிடுகிறேன்.

அறிக்கையின் மேல் பகுதியில் நம்பகத்தன்மை என்று ஒரு வரி குறைவு, நடுத்தரம், உயர்வு என்ற மூன்றில் ஒன்றைக் காட்டும். நாம் எவ்வளவு விவரம் கொடுத்திருக்கிறோம் என்பதை வைத்து அது கணிக்கப்படுகிறது. நாம் கொடுத்த விவரம் உண்மையா என்பதை அது அறியாது. நேர்மையான வரிதான், ஆனால் உயர்வு என்று கண்டவுடன் அளவீட்டுக் கருவிகளை உறையில் போட்டு மூடிவிடக் கூடாது.

இக்கருவியில் நான் மிகவும் மதிப்பது நிலைத் திறனைக் கையாளும் முறை. சில்லு ஒன்றும் செய்யாமல் இருக்கும்போதும் டிரான்சிஸ்டர்களின் வழியே கசியும் மின்னோட்டம், வெப்பநிலையோடு ஏறத்தாழ அடுக்குக்குறி விகிதத்தில் ஏறுகிறது. வெப்பம் கூடினால் கசிவு கூடும், கசிவு கூடினால் வெப்பம் கூடும். காகிதத்தில் கணக்குப் போடுபவர்கள் டேட்டாஷீட்டில் ஏதோ ஒரு வெப்பநிலைக்குத் தரப்பட்ட கசிவை எடுத்து, வெப்பத் தடையால் (ஒரு வாட்டுக்கு எத்தனை டிகிரி ஏறும் என்ற அளவால்) பெருக்கி, ஒரே சுற்றில் நிறுத்திவிடுகிறார்கள். இக்கருவியோ திறனுக்கும் வெப்பநிலைக்கும் இடையே திரும்பத் திரும்பச் சென்று, இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தும் புள்ளியில்தான் நிற்கிறது.

இந்தச் சுழற்சியின் வீரியத்தை ஒரு சிறிய கணக்கால் உணரலாம். வெப்பத் தடை வாட்டுக்கு 20 டிகிரி என்றும், நாம் இருக்கும் வெப்பநிலையில் ஒரு டிகிரிக்குக் கசிவு 10 மில்லிவாட் கூடுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு டிகிரி ஏற்றம் 0.2 டிகிரியைத் திருப்பிக் கொண்டுவரும். அது மீண்டும் 0.04 டிகிரியைக் கொண்டுவரும். கூட்டினால், முதலில் கணித்த ஏற்றம் 1.25 மடங்காகிறது. அதே வெப்பத் தடையில் கசிவு டிகிரிக்கு 50 மில்லிவாட் கூடும் நிலை வந்தால், ஒரு டிகிரி இன்னொரு முழு டிகிரியைக் கொண்டுவரும். தொடருக்கு முடிவே இல்லை. வெப்பம் கட்டுமீறி ஓடுவது என்று சொல்வது இதைத்தான். சாதாரணப் பலகைகள் இந்த விளிம்பிலிருந்து வெகு தொலைவில் இருக்கின்றன என்றாலும், 1.25 மடங்கு என்பது அலட்சியப்படுத்தக்கூடிய எண் அன்று.

இதோடு ஒட்டிய இன்னொரு கட்டம், உற்பத்தி வேறுபாட்டைக் குறிக்கும் தேர்வு. வழக்கமான சில்லு, உச்சக் கசிவுள்ள சில்லு என்று இரண்டு தேர்வுகள் உண்டு. ஒரே வேஃபர் (சில்லுகளை வெட்டியெடுக்கும் சிலிக்கான் தகடு) வரிசையிலிருந்து வரும் சில்லுகளிலும் கசிவு ஒன்றாக இருப்பதில்லை. மேசையில் இருக்கும் ஒற்றைப் பலகையோடு ஒப்பிட்டுப் பார்க்க வழக்கமான தேர்வு போதும். ஆனால் மின்வழங்கியையும் வெப்ப வெளியேற்றத்தையும் வடிவமைக்கும்போது உச்சத் தேர்வைத் தவிர வேறொன்றை வைப்பது சூதாட்டம். நிறுவனத்தின் கையேடும் அதையே சொல்கிறது.

உள்ளீடு-வெளியீட்டுப் பக்கத்தில் பலரும் தாண்டிச் சென்றுவிடும் ஒரு வரி, சில்லுக்கு வெளியே செலவாகும் திறனைத் தனியாகக் காட்டுகிறது. 3.3 வோல்ட் முனை ஒன்று 10 மில்லியாம்பியரில் ஒரு எல்இடியை எரிக்கிறது என்றால், மின்வழங்கி 33 மில்லிவாட் கொடுக்க வேண்டும். ஆனால் முனையிலுள்ள டிரான்சிஸ்டரில் 0.3 வோல்ட் விழுந்தால் சில்லைச் சூடாக்குவது வெறும் 3 மில்லிவாட்தான். மீதி எல்இடியிலும் மின்தடையிலும் போய்விடுகிறது. மின்வழங்கிக் கணக்கும் வெப்பக் கணக்கும் வேறு வேறு என்பதை இந்த ஒரு வரி தெளிவாக்கிவிடுகிறது. எதிர்ப்பக்கமும் உண்டு: நினைவகத்துக்குச் செல்லும் தரவுப் பாதைகளின் முனையில் வைக்கும் முடிவு மின்தடைகளைச் சில்லுக்குள்ளேயே இயக்கினால், பலகையில் இடம் மிச்சமாகும், அந்த வெப்பம் முழுவதும் நம் சிலிக்கானின் தலையில் விழும்.

இனி டிகிரிக்கு வருகிறேன். ஆர்டிக்ஸ்-7 வரிசையில் எக்ஸ்சி7ஏ100டி சில்லை, 324 முனைகள் கொண்ட சிஎஸ்ஜி உறையில் எடுத்துக்கொண்டு விவாடோவின் அறிக்கையை எதையும் மாற்றாமல் ஓட்டினால், சந்தியிலிருந்து சுற்றுக்காற்று வரையிலான வெப்பத் தடை வாட்டுக்கு 4.6 டிகிரி என்று அச்சாகிறது. கைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய உறைக்கு இவ்வளவு குறைந்த வெப்பத் தடையா என்று வியப்பவர்கள், அறிக்கையின் சூழல் பகுதியைத் திறந்து பார்க்க வேண்டும். சுற்றுப்புறம் 25 டிகிரி. நடுத்தர உயரமுள்ள ஹீட்சிங்க் (சூட்டைக் காற்றில் பரப்பும் உலோகத் துண்டு). நிமிடத்துக்கு 250 அடி, அதாவது நொடிக்கு ஏறத்தாழ 1.27 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று; பக்கத்துக்கு 10 அங்குலம் உள்ள பலகை; 12 முதல் 15 அடுக்குகள். இவை இயல்பிருப்பு மதிப்புகள். பெரிய தொலைத்தொடர்பு அலமாரியில் செருகும் அட்டைக்கு இவை நியாயமானவை. உள்ளங்கையளவுப் பலகையில், ஹீட்சிங்க் இல்லாமல், ஃபேன் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் சில்லுக்கு இவற்றில் ஒன்றுகூடப் பொருந்தாது.

நான் இதை அறிந்துகொண்டது நூலைப் படித்து அன்று. என் பலகைக்கு அறிக்கை 1.7 வாட் என்றும் 33 டிகிரி என்றும் சொன்னது. 33 டிகிரியா, வெதுவெதுப்புக்கூட இராதே என்று மகிழ்ந்து, ஹீட்சிங்கைத் திருகும் துளைகளைக் கூட வரைபடத்தில் விடவில்லை. பலகை வந்து, சில்லுக்குள்ளேயே இருக்கும் வெப்பநிலை உணரியைப் படித்தபோது அது 63 டிகிரி காட்டியது. உணரியில் பழுது என்று நினைத்து அரை நாளைச் செலவழித்தேன். கருவியின் மேல் குற்றம் இல்லை. தன் அனுமானங்களை அது எழுதியே வைத்திருந்தது, நான் அந்தப் பகுதியைத் திறக்கவில்லை.

இதே காரணத்தால், அறிக்கையில் வெப்ப இடைவெளி என்று வரும் வரியைப் பார்க்கும்போது எனக்கு இப்போது புன்னகை வருகிறது. வணிகத் தரச் சில்லின் சந்தி வரம்பு 85 டிகிரி. சந்தி 33 டிகிரியில் இருந்தால் இன்னும் 52 டிகிரி மிச்சம், அதை 4.6 ஆல் வகுத்தால் இன்னும் 11 வாட்டுக்கு மேல் தாங்கும் என்று ஆகிறது. என் கைப்பலகையில் 11 வாட்டைக் கூடுதலாகக் கொட்டினால் என்ன ஆகும் என்று கணக்குப் போடவே தேவையில்லை.

டேட்டாஷீட்டில் உள்ள வெப்பத் தடையை எடுத்துப் போட்டால் என்ன என்று கேட்கலாம். அதுவும் முழு விடை அன்று. அந்த எண்கள் குறைக்கடத்தித் தரநிலைகளை வகுக்கும் ஜெடெக் அமைப்பின் ஜெஎஸ்டி51 வரிசைத் தரநிலைகளின்படி, அசையாக் காற்றில், வரையறுக்கப்பட்ட ஒரு சோதனைப் பலகையின் மேல் ஒற்றைச் சில்லை வைத்து அளக்கப்படுபவை. ஓர் உறையை இன்னோர் உறையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே அவற்றின் நோக்கம். நம் பலகையில் செம்பு எவ்வளவு, சில்லின் அடியில் எத்தனை வெப்பத் துளைகள், பக்கத்திலேயே சூடாகும் சீரமைப்பி இருக்கிறதா என்பவை அந்த எண்ணில் இல்லை. அடிப்புறத்தில் சாலிடர் பந்துகளை வரிசையாகக் கொண்ட பந்து வரிசை உறைகளில் ஹீட்சிங்க் இல்லாதபோது வெப்பத்தின் பெரும்பகுதி பலகை வழியாகவே இறங்கிப் போவதால், பலகையை மறந்த வெப்பத் தடைக்குப் பொருள் மிகக் குறைவு.

நல்ல வேளையாக, சுருக்கப் பக்கத்தில் வெப்பத் தடையை நாமே எழுதிக்கொள்ள ஒரு கட்டம் விட்டிருக்கிறார்கள். இக்கருவியின் மதிப்பு முழுவதும் எனக்கு அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. அதில் எழுத வேண்டிய எண்ணை நான் இப்படிப் பெற்றேன். ஆர்டிக்ஸ்-7 உள்ளிட்ட 7-வரிசைச் சில்லுகளில் எக்ஸ்ஏடிசி என்ற, மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் 12 பிட் மாற்றி உள்ளது. அது தரும் எண்ணை 503.975 ஆல் பெருக்கி, 4096 ஆல் வகுத்து, 273.15 ஐக் கழித்தால் சிலிக்கானின் வெப்பநிலை செல்சியஸில் கிடைக்கும். ஜேடேக் (சில்லைக் கணினியோடு இணைக்கும் சோதனை இணைப்பு) கம்பியைச் செருகி விவாடோவின் வன்பொருள் மேலாளரைத் திறந்தால், இந்தக் கணக்கும் தேவையின்றி எண் திரையில் ஓடும். உணரியின் பிழை வரம்பு கூட்டவோ குறைக்கவோ 4 டிகிரி. எனவே ஒற்றை அளவீட்டை நம்பாமல் இரண்டு புள்ளிகளை எடுத்து வித்தியாசத்தைப் பார்ப்பது நல்லது; நிலையான பிழை கழிந்துபோகும்.

சில்லின் எல்லா மின்வழிகளிலும் சிறு அளவீட்டு மின்தடைகளை வைத்து, கடிகாரங்களை நிறுத்திய நிலையில் 0.35 வாட்டும் 34.1 டிகிரியும் எடுத்தேன். முழுச் சுமையில் அரை மணி நேரம் ஓடி நிலைபெற்ற பின் 1.83 வாட்டும் 63.0 டிகிரியும் கிடைத்தன. 28.9 டிகிரியை 1.48 வாட்டால் வகுத்தால் வாட்டுக்கு 19.5 டிகிரி. கீழ்ப் புள்ளியிலிருந்து பின்னோக்கிப் போனால் சுற்றுப்புறம் 27.3 என்று வருகிறது. மேசையில் இருந்த வெப்பமானி 26 காட்டியது. உணரியின் பிழை வரம்புக்குள் இது தாராளமாக அடங்குகிறது.

1.7 வாட் என்று கருவி சொன்னது, 1.83 என்று பலகை சொன்னது. ஏழு விழுக்காட்டுக்கும் சற்றே அதிகமான வேறுபாடு. அதிலும் ஒரு பகுதி, 33 டிகிரியில் கணித்த கசிவுக்கும் 63 டிகிரியில் உள்ள கசிவுக்கும் இடையேயான வேறுபாடு. வாட்டில் இவ்வளவு நெருக்கமாக வந்த கருவி, டிகிரி ஏற்றத்தில் நான்கு மடங்குக்கு மேல் தவறியது என்றால், தவறு எந்த உள்ளீட்டில் இருந்தது என்று விளக்க வேண்டியதில்லை.

19.5 என்ற எண்ணை எழுதிய பிறகு கருவி உண்மையிலேயே பயன்படத் தொடங்கியது. பலகை மூடிய பெட்டிக்குள் போக வேண்டியது. உள்ளே காற்று 45 டிகிரி வரை ஏறும். அளந்த 1.83 வாட்டை அப்படியே பெருக்கிக் கூட்டினால் 80.7 டிகிரி வரும், 85க்குள் அடங்கிவிட்டது என்று தோன்றும். கருவியோ கசிவு ஏற்றத்தையும் சேர்த்து 1.92 வாட், 82.4 டிகிரி என்றது. உச்சக் கசிவுத் தேர்வுக்கு மாற்றியதும் 2.15 வாட், 86.9 டிகிரி என்று வரம்பைத் தாண்டியது. மேசையில் நன்றாக ஓடும் பலகை, நூறு செய்தால் அவற்றில் சில தவறும் என்பதைச் சாலிடர் செய்யும் முன்பே சொல்லிவிட்ட இந்த இரண்டு வரிகளுக்காகவே, முன்பு சொன்ன குறைகள் அனைத்தையும் நான் பொறுத்துக்கொள்வேன்.

கருவி செய்யாதவற்றையும் குறிப்பிட வேண்டும். அது சில்லு முழுவதற்கும் ஒரே வெப்பநிலையைத்தான் தருகிறது; ஒரு மூலையில் பெருக்கிகளை நெருக்கி அடைத்திருந்தால் அந்த மூலையின் கூடுதல் சூடு அதில் தெரியாது. நிலைபெற்ற நிலையை மட்டுமே கணிக்கிறது. சில நொடிகள் மட்டும் உச்சத்தில் ஓடி அடங்கும் சுமைக்கு, உறையும் பலகையும் சூட்டை உள்வாங்கிக்கொள்ள எடுத்துக்கொள்ளும் காலத்தை அது அறியாது. அத்தகைய சுமையில் விடை தேவைக்கு மேல் பயமுறுத்தும். அகச்சிவப்புக் கேமராவால் உறையின் மேற்பரப்பை அளந்து ஒப்பிட விரும்புபவர்களுக்கும் இதில் தனி உதவி இல்லை. அதற்கு உறைக்கும் சந்திக்கும் உரிய வெப்பத் தடையை மொத்த வாட்டால் பெருக்குவது பரவலான தவறு. அந்த எண், வெப்பம் முழுவதும் மேற்பரப்பு வழியாகவே வெளியேறும்படி செய்து அளக்கப்பட்டது. ஹீட்சிங்க் இல்லாத பலகையில் மேல் வழியாகப் போவது சிறு பகுதிதான் என்பதால், சந்திக்கும் உறையின் மேற்புறத்துக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டை மொத்த வாட்டோடு இணைக்கும் சை-ஜேடி என்ற தனி அளவுருவைத் தேட வேண்டும்.

சைலிங்க்ஸின் புதிய வெர்சல் சில்லுக் குடும்பத்துக்கும் முதலில் எக்செல் கோப்பு இருந்தது. பவர் டிசைன் மேனேஜர் என்ற தனி மென்பொருள் அந்த இடத்துக்கு வந்திருக்கிறது. 7-வரிசையிலேயே வேலை செய்பவர்களுக்குப் பழைய கோப்பே போதும். அதைத் திறந்தவுடன் தர்க்கப் பக்கத்துக்கு ஓடாமல், ஹீட்சிங்க் இல்லை, காற்றோட்டம் இல்லை, சிறிய பலகை, நம்முடைய அடுக்கு எண்ணிக்கை என்று சூழல் கட்டங்களை முதலில் மாற்றிவிடுங்கள். முதல் பலகை கைக்கு வந்ததும், அளந்து பெற்ற வெப்பத் தடையை அதே கட்டத்தில் எழுதிக் கோப்பைப் பலகையின் பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள். என்னுடைய அடுத்த பலகையில் ஹீட்சிங்கின் துளைகள் இருக்கின்றன.